'அம்பிஷியஸ்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்? லட்சியம், பேரவா, வேட்கை, வெறி: எது எங்கே உட்காரும்?

#1 மொழிபெயர்ப்பு_மேசை

அகராதியைத் திறந்தால் லட்சியமுள்ள, பேரவா உடைய, உயர்நோக்குள்ள, பேராசை பிடித்த என்று ஒரு கொத்தாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். எதை எங்கே போடுவது என்று யாரும் சொல்வதில்லை. கீழே ஐந்து இடங்கள். எல்லாவற்றிலும் மூலத்தில் அதே 'அம்பிஷியஸ்'தான்.

அ) வேலை விளம்பரம்: விற்பனைப் பிரிவுக்கு 'அம்பிஷியஸ்' இளைஞர்கள் தேவை.
ஆ) பரிந்துரைக் கடிதம்: இவர் 'அம்பிஷியஸ்' மாணவி.
இ) செய்தி: அரசின் 'அம்பிஷியஸ்' திட்டம்.
ஈ) ஆண்டறிக்கை: இந்த இலக்கு சற்று 'அம்பிஷியஸ்'தான்.
உ) நாவல்: மைத்துனனைப் பற்றி அக்கா சொல்வது. ஆள் அமைதி, ஆனால் 'அம்பிஷியஸ்'. வீட்டில் எல்லோருக்கும் அவனிடம் கொஞ்சம் பயம்.

ஐந்திலும் 'லட்சியமிக்க' என்று வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு எப்படியோ ஓடுகிறது. ஐந்தாவதில் வில்லன் தியாகி ஆகிவிட்டான்.

#2 வேர்ச்சொல்

வில்லன் தியாகி ஆனதற்குக் காரணம் 'லட்சியம்' என்ற சொல்தான். தமிழில் லட்சியவாதி என்றால் தன் நலத்தை ஒதுக்கிவிட்டு ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். எஸ். எஸ். ராஜேந்திரனுக்கு 'லட்சிய நடிகர்' என்ற பட்டம் எப்படி வந்தது? சினிமாவில் மேலே வரத் துடித்தார் என்பதற்காக இல்லை. திராவிட இயக்கக் கொள்கைப்படி புராணப் படங்களில் நடிக்க மாட்டேன் என்று நின்றார், அதற்காக. வாய்ப்பை விட்டவருக்குக் கிடைத்த பட்டத்தை, எந்த வாய்ப்பையும் விடாத மைத்துனனுக்குச் சூட்டினால் ஒட்டாது.

இன்னொரு பக்கம், 'அம்பிஷியஸ்' என்ற சொல்லே பிறந்தபோது அவ்வளவு நல்ல பெயரோடு பிறக்கவில்லை. லத்தீனில் அதன் வேர் 'ஆம்பிரே', சுற்றி வருதல். பழைய ரோமில் பதவிக்கு நிற்கிறவர் ஆதரவு கேட்டு ஊரைச் சுற்றி வருவதைத்தான் அந்தச் சொல் குறித்தது. அதன் உடன்பிறப்பான 'ஆம்பிட்டஸ்' தேர்தலில் லஞ்சம் கொடுக்கும் குற்றத்துக்கே பெயரானது.

இதை அப்படியே சுமக்கிற தமிழ் நம் வாயில் தினமும் இருக்கிறது: "பதவிக்கு அலையுறான்." அலைதல் என்றாலும் சுற்றுதல்தான். லத்தீன்காரன் போன அதே வழியில் நாமும் போயிருக்கிறோம், யாரும் யாரிடமும் கடன் வாங்காமல்.

இன்னும் ஒன்று. வேட்பாளர். வேட்பு என்றால் விருப்பம்; வேட்பாளர் என்றால் விரும்புகிறவர். தேர்தல் அலுவலகத்தில் வேட்புமனு கொடுக்கிற ஒவ்வொருவரும் சொல்லின்படி 'அம்பிஷியஸ்' ஆசாமிதான். ஆனால் இன்று யாருக்கும் அந்தச் சொல்லில் ஆசையின் வாடை வருவதில்லை. வழக்கில் தேய்ந்து வெறும் படிவத்தின் பெயராகிவிட்டது.

#3 பேச்சுவழக்கு

மூலத்தில் பெயரடை இருக்கிறது, அதனால் தமிழிலும் பெயரடையே வேண்டும் என்று நினைப்பதுதான் இங்கே முதல் தடுமாற்றம். பேசுகிற தமிழ் இந்த இடத்தில் பெயரடையைத் தேடுவதே இல்லை. மூன்று வழி வைத்திருக்கிறது.

ஒன்று, 'கு' உருபு. "அவனுக்குப் பெரிய ஆளா வரணும்னு ஆசை." "அவளுக்கு எப்படியாவது கலெக்டர் ஆயிடணும்னு ஒரு வெறி." ஆள் எழுவாயாக இல்லை; ஆசைதான் வந்து அவனிடம் உட்காருகிறது.

இரண்டு, வினை. முன்னுக்கு வரத் துடிக்கிறான், மேல வரப் பாக்கிறான், பறக்கிறான், அலையுறான், முட்டி மோதுறான்.

மூன்று, வினையிலிருந்து வரும் பெயரெச்சம். சாதிக்கத் துடிக்கிற பையன், முன்னேறணும்ங்கிற எண்ணம் உள்ள பொண்ணு.

மூன்றிலும் ஒன்றைப் பாருங்கள். எதற்கு ஆசை என்பதைச் சொல்லாமல் தமிழ் நகராது. ஆங்கிலத்தில் 'அவன் அம்பிஷியஸ்' என்று மொட்டையாக முடிக்கலாம். தமிழில் "அவனுக்கு ஆசை" என்று முடித்தால் கேட்கிறவர் "எது மேல?" என்பார். ஆகவே முதல் வேலை அகராதியைத் திறப்பது இல்லை; மூலத்தில் அந்த ஆள் எதை விரும்புகிறான் என்று நாலு பக்கம் முன்னும் பின்னும் புரட்டுவது. பதவியா, பணமா, பெயரா, படிப்பா? அது கிடைத்துவிட்டால் சொல் பாதி தானாக வந்துவிடும்: பதவி மோகம், பண வெறி, புகழ் ஆசை, அறிவு வேட்கை.

#4 ஒற்றுப்பிழை

பேச்சுவழக்கு சொன்னது சரி. ஆனால் பெயரடையே போட்டாக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அங்கே எந்த ஒட்டைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

நல்ல, பெரிய, சின்ன, புதிய, பழைய என்று பிறவியிலேயே பெயரடையாக இருப்பவை தமிழில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பெயர்ச்சொல்லோடு ஆன, உள்ள, மிக்க, கொண்ட, பிடித்த என்று ஏதாவது ஒன்றைத் தைத்துச் செய்வது. தைக்கிற நூல் மாறினால் பொருளே மாறும்.

'ஆசை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசையான என்றால் பாசமான, பிரியமான. "ஆசையாய் வளர்த்த கன்னுக்குட்டி." ஆசையுள்ள என்றால் வெறும் விருப்பம். ஆசைப்பட்ட என்றால் பெரும்பாலும் பொருளைக் குறிக்கும், ஆளை இல்லை: ஆசைப்பட்ட சேலை. ஆசை பிடித்த என்றால் திட்டு. ஆசை நாயகி என்றால் வேறு கதை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

'லட்சியம்' எடுத்தால்: லட்சியமான என்பது நிற்காது. லட்சியமுள்ள நிற்கும், கொஞ்சம் பள்ளிக்கூடக் கட்டுரை வாசனையோடு. லட்சியமிக்க மேடைக்கு. லட்சிய வெறி கொண்ட என்றால் இயக்கத் தொண்டர் நினைவுக்கு வருவார்.

'பிடித்த' என்ற நூலுக்குத் தனி எச்சரிக்கை. நோய், பேய், பைத்தியம், சனி பிடிக்கிற வரிசையில் அது வருகிறது. வெறி பிடித்த, ஆசை பிடித்த, திமிர் பிடித்த. விளம்பரத்திலும் பரிந்துரைக் கடிதத்திலும் வந்துவிடக் கூடாது. 'மிக்க' ஆளைச் சொல்லும்போது பெரும்பாலும் பாராட்டு, ஆர்வமிக்க, துடிப்புமிக்க. 'பேராசைமிக்க' என்று சில இடங்களில் பார்க்கிறேன், திட்டுக்குப் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கிறது.

#5 தனிச்சொல்

இவ்வளவு சுற்ற வேண்டாம். 'பேரவா' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. பேரவா உடைய, பேரவா கொண்ட என்று ஐந்திலும் போடலாமே. பழக்கப்படுத்தினால் தானாகப் பழகிவிடும்.

#6 வேர்ச்சொல்

தனிச்சொல் ஐயாவுக்கு: பேரவாவும் பேராசையும் ஒரே அச்சில் வார்த்தவை. பெருமை + அவா, பெருமை + ஆசை. அவாவும் ஆசையும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனாலும் ஒன்று பாராட்டு, இன்னொன்று வசவு. "பேராசை பெரு நஷ்டம்" என்று பழமொழி இருக்கிறது. "பேரவா பெரு நஷ்டம்" என்று யாரும் சொன்னதில்லை. பழமொழியில் அடிபடாததால் பேரவாவுக்குக் கெட்ட பெயர் இல்லை. அதே காரணத்தால் தெருவில் அதற்கு ஆளும் இல்லை. மைத்துனனைப் பற்றி அக்கா "அவனுக்குப் பேரவா" என்றால் அக்கா தமிழாசிரியை என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

'அவா'வின் பாதையே வேடிக்கையானது. குறளில் 37ஆம் அதிகாரத்தின் பெயர் அவாவறுத்தல். பிறவிக்கே வித்து என்று வெட்டி எறியச் சொல்கிறார் வள்ளுவர். இன்று மேடையில் "இந்நூல் எல்லோர் கைகளிலும் தவழ வேண்டும் என்பது என் அவா" என்கிறார்கள். அறுக்கச் சொன்ன அவா இன்று பணிவான விருப்பம். (சில வீடுகளில் "அவா வந்தாளா?" என்றால் 'அவர்கள்'. ஒலிப்புத்தகத்துக்கு எழுதுகிறவர் இதையும் நினைவில் வைக்கலாம்.)

செய்யுள் நடை வேண்டுமானால் 'வேணவா' இருக்கிறது. வேட்கை + அவா, இலக்கணம் சொல்லும் புணர்ச்சி. பொருளிலும் ஆசை மேல் ஆசை. வரலாற்று நாவலில் ஒரு இடத்தில் போட்டால் மின்னும். இரண்டாவது இடத்தில் போட்டால் கண்ணை உறுத்தும்.

#7 செய்திமேசை

'இ' பற்றி. செய்தியில் 'அம்பிஷியஸ் திட்டம்' என்று வந்தால் பத்திரிகைத் தமிழில் மூன்று வழக்கு.

கனவுத் திட்டம்: ஒரு தலைவரோ ஊரோ நீண்ட நாள் விரும்பியது. சேது சமுத்திரத் திட்டத்தை எழுதும்போதெல்லாம் இந்தச் சொல் வரும். ஆட்சிக்கு ஆதரவாகவும் எழுதலாம், கிடப்பில் போட்டதைக் கிண்டலாகவும் எழுதலாம்.

லட்சியத் திட்டம்: அரசுச் செய்திக்குறிப்பின் மொழி. அதில் வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் நாமும் கைதட்டுவது போல ஆகும்.

பிரம்மாண்டத் திட்டம், மாபெரும் திட்டம்: இவை அளவைச் சொல்கின்றன, துணிவைச் சொல்லவில்லை. நூறு கோடி ரூபாய் மண்டபம் பிரம்மாண்டம்தான். அதில் எட்ட முடியாதது எதுவும் இல்லை. மூலத்தில் 'செய்து முடிப்பது கடினம்' என்ற தொனி இருந்தால் இவை இரண்டும் உதவாது. 'துணிச்சலான திட்டம்' என்று எழுதலாம்.

இலக்குக்கும் இதே கதை. 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று தமிழ்நாடு அரசு வைத்திருக்கும் இலக்கை ஆங்கிலத் தாளில் 'அம்பிஷியஸ்' என்று எழுதியிருந்தால், அது பாராட்டா சந்தேகமா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இருக்கிறது. தமிழில் 'உயர்ந்த இலக்கு' என்றால் பாராட்டு, 'எட்டாத இலக்கு' என்றால் தீர்ப்பு. நடுவில் நிற்க 'துணிச்சலான இலக்கு' அல்லது 'எம்பிப் பிடிக்க வேண்டிய இலக்கு'. இரண்டாவது ஆண்டறிக்கைக்கு ஆகாது, தலையங்கத்துக்கு ஆகும்.

நபர்களை எழுதும்போது 'கனவு' கவனம். "டாக்டர் கனவோடு இருந்த மாணவி" என்றால் அனுதாபம். "முதல்வர் கனவில் மிதக்கும்" என்றால் நக்கல். ஒரே சொல், ஆளைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்கிறது. 'பகல் கனவு' என்று திட்டிக்கொண்டிருந்த ஊரில் 'கனவு காணுங்கள்' என்று அப்துல் கலாம் பள்ளி பள்ளியாகச் சொன்ன பிறகு, மாணவர்களைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு மரியாதை ஏறியது என்பது என் கணிப்பு. அரசியல்வாதிகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

#8 யாழ்_வாசகி

இலங்கை வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. இங்கே 'அபிலாசை' இன்னும் உயிரோடு இருக்கிற சொல். "தமிழ் மக்களின் அரசியல் அபிலாசைகள்" என்ற தொடர் பேப்பரிலும் அறிக்கையிலும் கிழமைக்கு நாலு தரம் வரும். அதில் பேராசைத் தொனி துளியும் இல்லை. நியாயமான, கூட்டான விருப்பம். தமிழ்நாட்டில் அதே சொல் 'நீண்ட நாள் அபிலாஷை' எண்டு பழைய கடிதத்தில் வாறது போலத்தான் கேட்குது. ஆனபடியால் கொழும்புப் பேப்பருக்கு மொழிபெயர்க்கிறவர் மக்கள் கூட்டத்தைப் பற்றிய இடத்தில் அபிலாசை போடலாம். தனி ஆளுக்குப் போடக்கூடாது. "அவர் அபிலாசையுள்ள இளைஞர்" எண்டு இங்கேயும் ஒருத்தரும் எழுத மாட்டினம்.

பேச்சில எண்டால் "முன்னுக்கு வரவேணும் எண்ட எண்ணம் உள்ள பெடியன்." அவ்வளவுதான்.

#9 துணைத்தலைப்பு

திரைக்கு எழுதும்போது நீளம் கொல்லும். 'முன்னேற வேண்டும் என்ற எண்ணம் உள்ளவள்' என்று எழுதி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். அந்த மாதிரி இடத்துக்குச் சின்னச் சரக்கு:

துடிப்பான: ஒரே சொல், பாதுகாப்பானது. ஆனால் சுறுசுறுப்பைச் சொல்கிறது, ஆசையைச் சொல்லவில்லை. துடிப்பான ஆள் வாழ்நாள் முழுக்க அதே மேசையில் துடிப்போடு இருக்கலாம்.

பொழைக்கத் தெரிஞ்சவன்: பாதி பாராட்டு, பாதி குத்தல். ஓர் அலுவலகப் படத்தில் சக ஊழியரைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிடக் கச்சிதம் இல்லை. கேட்கிறவன் சிரித்தால் பாராட்டு, மௌனமானால் குத்தல். அதை நடிகர் முகமே பார்த்துக்கொள்ளும்.

காரியக்காரன்: ஆசையைவிடத் தந்திரம் அதிகம்.

வெறி: இதற்கு வயது பார்க்க வேண்டும். முப்பது வயதுக்குக் கீழே "வெறித்தனமா உழைக்கிறான்", "செம வெறி" எல்லாம் சான்றிதழ். அறுபது வயதுக்கு மேலே வெறி என்றால் நாய்க்கும் சாராயத்துக்கும் உரியது. பாத்திரம் எந்த வயது என்று பார்த்து வாயில் வையுங்கள்.

#10 ஒற்றுப்பிழை

வெறியில் இன்னொரு நுணுக்கம். "அவனுக்கு ஒரு வெறி இருக்கு" பாராட்டு. "அவனுக்கு வெறி பிடிச்சிருக்கு" இல்லை. 'ஒரு' சேர்ந்தாலே கொஞ்சம் சாந்தமாகிவிடுகிறது. "ஒரு ஆசை", "ஒரு கனவு", "ஒரு தீ" எல்லாம் அப்படித்தான்.

பதவி, பணம், சாதி என்று முன்னால் பெயர் ஒட்டினால் எந்த வயதுக்காரர் சொன்னாலும் கெட்டதுதான்: பதவி வெறி, பண வெறி, சாதி வெறி. வினை ஒட்டினால் நல்லது: ஜெயிக்கணும்ங்கிற வெறி, படிக்கணும்ங்கிற வெறி.

#11 வேர்ச்சொல்

அறிவு வேட்கை என்று மேலே வந்ததால் ஒரு வரி. வேட்கை அடிப்படையில் தாகம். கலித்தொகையில் "உண்ணுநீர் வேட்டேன்" (குடிக்கத் தண்ணீர் வேண்டும்) என்றுதான் தலைவன் வாசலில் வந்து நிற்கிறான். அதனால்தான் விடுதலை வேட்கை, அறிவு வேட்கை, வெற்றி வேட்கை எல்லாம் இயல்பாக ஒட்டுகின்றன. தாகத்தில் யாரும் குற்றம் காண்பதில்லை. 'வேட்கையுள்ள ஆள்' என்று தனியாக விட்டால் மட்டும் வாசகர் காதல் பக்கம் போய்விடுவார். முன்னால் ஒரு பெயர் கட்டாயம்.

ஊக்கம் வேறு மாதிரி நகர்ந்துவிட்டது. குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" அங்கேதான் வருகிறது. கிட்டத்தட்ட நாம் தேடுகிற பொருள். இன்று ஊக்கம் என்றால் வெளியிலிருந்து கொடுப்பது: ஊக்கத்தொகை, ஊக்கப்பரிசு, ஓட்டப்பந்தயத்தில் ஊக்கமருந்து. 'ஊக்கமுடையவர்' என்று எழுதினால் உற்சாகமானவர் என்றுதான் படிப்பார்கள்.

குறிக்கோள் பரவாயில்லை. "குறிக்கோ ளிலாது கெட்டேன்" என்று அப்பர் பாடிய நாளிலிருந்து பொருள் பெரிதாக மாறாத சொல். குறி, கொள். வாழ்க்கைக்கு ஒரு திசை இருக்கிறது என்கிறது. பசி இருக்கிறது என்று சொல்லவில்லை. பள்ளி விண்ணப்பத்துக்குப் பொருந்தும், மைத்துனனுக்குப் பொருந்தாது.

#12 பேச்சுவழக்கு

எதிர்ப்பதத்தை வைத்துப் பார்த்தால் சொல் இன்னும் தெளியும். ஆசையே இல்லாத ஆளைத் தமிழ் எப்படிச் சொல்கிறது? "குண்டுச்சட்டியில குதிரை ஓட்டுறவன்." "இருக்கறது போதும்னு இருக்கிறவன்." முதலாவது கேலி, இரண்டாவது பெரும்பாலும் மெச்சல். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று வளர்ந்த மொழியில், போதாது என்கிறவனுக்கு நல்ல பெயரடை குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

மிதமிஞ்சினால்: அகலக் கால் வைக்கிறான். கடன் வாங்கி ஒரே வருடத்தில் நாலு கிளை திறக்கிற கடைக்காரருக்கு இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எந்த அகராதியிலும் கிடையாது. தகுதியைக் குத்துவதற்கு "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க", "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" இவற்றைப் போடும்போது பார்த்துப் போடுங்கள். பிறப்பையும் நிலையையும் சொல்லி மட்டம் தட்டுகிற பழமொழிகள் இவை. மூலத்தில் ஒருவர் இன்னொருவரை அப்படி மட்டம் தட்டுகிறார் என்றால் சரி. கதைசொல்லியின் குரலில் வந்தால் மொழிபெயர்ப்பாளர் சேர்த்த விஷம்.

#13 தனிச்சொல்

பேரவாவை விட்டுவிடுகிறேன். ஆனால் பரிந்துரைக் கடிதத்தில் 'தன்முனைப்பு உள்ள மாணவி' என்று எழுதலாம் அல்லவா? முனைப்பு நல்ல சொல்தானே.

#14 ஒற்றுப்பிழை

வேண்டாம். முனைப்பு நல்ல சொல். 'தன்' ஒட்டியதும் அது அகந்தை, நான் என்ற எண்ணம். மாணவிக்கு இடம் கிடைக்காமல் போகும். 'முனைப்பான மாணவி' சரி, 'தானாக முன்வந்து செய்பவர்' இன்னும் சரி.

பெண் என்னும்போது இன்னொரு பள்ளம். ஆணுக்கு "ஆசை அதிகம்" என்றால் பதவி, பணம் என்று நினைப்பார்கள். "அந்தப் பொண்ணுக்கு ஆசை அதிகம்" என்றால் நகை, புடவை, இல்லை அதைவிட மோசமாக. சொல்லின் குற்றமில்லை, கேட்கிற காதின் குற்றம். ஆனால் நாம் எழுதுவது அந்தக் காதுக்குத்தான். அதனால் பெண்ணைப் பற்றி எழுதும்போது ஆசையை விட்டுவிட்டு, எதைச் சாதிக்கப் பார்க்கிறார் என்பதை வினையாக எழுதிவிடுங்கள். "ஆராய்ச்சியில் பெயர் சொல்லும்படி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று உழைப்பவர்." நாலு சொல் கூடும், யாருக்கும் வேறு எண்ணம் வராது.

#15 செய்திமேசை

வினையாக எழுதுவது என்றதும் அரசாங்கமே செய்த ஒன்று. 2018 ஜனவரியில் மத்திய அரசு கொண்டுவந்த 'ஆஸ்பிரேஷனல் மாவட்டங்கள்' திட்டம்; தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் உண்டு. தமிழில் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்', 'முன்னேற விரும்பும் மாவட்டங்கள்' என்று எழுதுகிறார்கள். பின்தங்கிய மாவட்டம் என்பதற்கு முலாம் பூசிய பெயர்தான், அது இருக்கட்டும். 'ஆர்வமிகு மாவட்டம்', 'லட்சிய மாவட்டம்' என்றெல்லாம் பெயரடை தேடாமல் 'முன்னேற' என்ற எச்சத்தையும் 'விழையும்' என்ற பெயரெச்சத்தையும் வைத்ததால்தான் படித்ததும் புரிகிறது.

மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' இன்னும் ஒரு படி மேல். பெயரடையும் இல்லை, வினையும் இல்லை. மாணவன் வாயில் நேராக வைத்துவிட்டார்கள். முதல்வன் என்பதில் முதலிடமும் இருக்கிறது, முதலமைச்சரும் இருக்கிறார்.

#16 மொழிபெயர்ப்பு_மேசை

எல்லோருக்கும் நன்றி. இப்போது இப்படி வருகிறது:

அ) விற்பனைப் பிரிவுக்குச் சாதிக்க துடிக்கும் இளைஞர்கள் தேவை.
ஆ) படிப்பில் மேலும் மேலும் உயர வேண்டும் என்று முனைந்து உழைக்கும் மாணவி.
இ) அரசின் துணிச்சலான திட்டம்.
ஈ) இந்த இலக்கு சற்றுத் துணிச்சலானதுதான்.
உ) "ஆள் அமைதிதான். ஆனா பெரிய ஆளா வரணும்னு உள்ளுக்குள்ள எரியுது அவனுக்கு."

#17 துணைத்தலைப்பு

'உ' அருமை. ஆனால் அக்கா பயப்படுகிறாள் அல்லவா? 'எரியுது' கொஞ்சம் அனுதாபம் காட்டுகிறது. தம்பிக்குப் பசி என்பது போல. பயம் தெரிய வேண்டுமானால் கண்ணைக் கொண்டுவாருங்கள். "ஆள் அமைதிதான். ஆனா கண்ணு எப்பவும் அடுத்தவன் நாற்காலி மேலதான்." நாற்காலி வந்ததும் எதற்கு ஆசை என்பதும் வந்துவிட்டது, 'அடுத்தவன்' வந்ததும் பயமும் வந்துவிட்டது.

#18 செய்திமேசை

'அ'வில் எனக்கு வேறு தயக்கம். 'சாதிக்கத் துடிக்கும் இளைஞர்கள் தேவை' என்ற வரியைச் சங்கிலித்தொடர் விற்பனைக்காரர்கள் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டித் தேய்த்துவிட்டார்கள். ஒழுங்கான நிறுவனம் என்றால் ஆசையைப் பற்றிப் பேசாமல் வாய்ப்பைப் பற்றிப் பேசலாம்: "விற்பனைத் துறையில் வேகமாக முன்னேற விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்." சம்பளத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டால் சந்தேகமே வராது.

#19 ஒற்றுப்பிழை

எந்த வரியை வைத்தாலும், 'சாதிக்க துடிக்கும்' இல்லை, 'சாதிக்கத் துடிக்கும்'. செய என்னும் எச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். 'முன்னேறத் துடிக்கும்', 'மேலே வரப் பார்க்கும்' எல்லாம் அப்படியே. ஆனால் 'துடிக்கும் பெண்' என்பதில் மிகாது, அது பெயரெச்சம். 'பேரவா கொண்ட' என்பதிலும் மிகாது. பேரவாவைக் கொண்ட என்று இரண்டாம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. தலையங்கக்காரர்கள் கவனத்துக்கு: 'எட்டாத கனி'யில் மிகாது, 'எட்டாக் கனி'யில் மிகும்.